நிக்கோட்டின் சூயிங்கம்: மெல்லும் விதம்

சிகரெட்டை விடுவதற்காக நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கும் பலர், ‘விக்கல் வருது, நெஞ்சு எரியுது’ என்று இரண்டே நாளில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மிட்டாய் போலச் சவைத்து எச்சிலை விழுங்குவதால் வரும் வினை. வயிற்றுக்குள் போகும் நிக்கோட்டின் பெரும்பாலும் வீண்; அது கன்னத்தின் உட்பக்கம் வழியாகத்தான் ரத்தத்தில் ஏற வேண்டும்.

மெதுவாக மெல்லுங்கள். மிளகைக் கடித்தாற்போல் சுரீரென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். காரம் அடங்கியதும் நாலைந்து தடவை மென்று, இடம் மாற்றி ஒதுக்குங்கள். ஒரு சூயிங்கம் அரை மணி நேரம் வரும். காலையில் எழுந்த 30 நிமிடத்துக்குள் சிகரெட் தேடுபவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. ஆரம்பத்தில் 1–2 மணி நேரத்துக்கு ஒன்று. நாளுக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

காரைக்குடிப் பக்கம் காரியத்தைக் கெடுப்பது சாப்பாட்டு நேரம்தான். காபி, மோர், புளிக்குழம்பு எல்லாம் வாயில் அமிலத்தைக் கூட்டும். நிக்கோட்டின் சரியாக ஏறாது. கோழிக் குழம்புச் சாப்பாடு முடிந்ததும் கை தானாகச் சட்டைப்பையைத் துழாவும். வாய் கொப்பளித்து, 15 நிமிடம் பொறுத்து மெல்லுங்கள். அதுவரை முகப்பில் உட்காராமல் தெருவில் ஒரு நடை போகலாம். அந்த ஏக்கம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும்.

சிகரெட்டுக்குப் பதில் வெற்றிலையோடு புகையிலை போடுவது மாற்று அல்ல, வாய்ப்புற்றுக்கு வழி. தேசியக் கட்டணமில்லா ஆலோசனை எண்: 1800 112 356.