கைக்குழந்தையின் கழுத்து மடிப்பு: குளிப்பாட்டி முடித்த பிறகுதான் வேலையே இருக்கிறது

என் மகளுக்கு மூன்றாம் மாதம் நடந்தபோது கத்திரி வெயில் தொடங்கியது. ஒரு நாள் பால் கொடுத்துவிட்டு முகவாயைத் துடைக்கப் போனேன். புளித்த தயிர் வாடை அடித்தது. கழுத்து மடிப்பை விரலால் பிரித்தால் உள்ளே பவுடர், பால், வியர்வை மூன்றும் சேர்ந்து திரிதிரியாக வெள்ளைப் பசை. அதைத் துடைத்ததும் அடியில் மிளகாய்ப் பழ நிறத்தில் ஒரு கோடு. தினமும் தவறாமல் குளிப்பாட்டும் குழந்தைக்கு இப்படியா என்று அழுகையே வந்துவிட்டது.

முதலில் நான் அதை வேர்க்குரு என்றுதான் நினைத்தேன். வேர்க்குரு நெற்றியிலும் முதுகிலும் பொடிப்பொடியாக வரும்; காற்றாட விட்டால் தானே அடங்கும். இது வேறு. தோலோடு தோல் உரசி, நடுவில் ஈரம் தங்கி ஊறிப்போவதால் வருகிற புண். என் அம்மா, “பவுடரை நன்றாகப் போடு, உலர்ந்துவிடும்” என்றார். போட்டேன். பவுடர் ஈரத்தை உறிஞ்சியது உண்மைதான். உறிஞ்சியபின் களியாகி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அந்தத் தூள் குழந்தையின் மூச்சில் போவதும் நல்லதல்ல. அன்றோடு பவுடர் டப்பா பரணுக்குப் போய்விட்டது.

படி 1: துணி

குழந்தைத் துண்டு என்று கடையில் விற்கும் பூப்போட்ட தடித்த துண்டுகள் வேண்டாம். அவை மடிப்புக்குள் நுழையாது. பத்து வருடம் துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். குறைந்தது இருபது துண்டு. மணமூட்டிய துணி மென்மையாக்கி ஊற்றாமல், சோப்பு முழுவதும் போகும்படி இரண்டு முறை அலசி, வெயிலில் காயப்போடுங்கள்.

படி 2: எண்ணெயும் குளியலும்

எப்படிப் பிடிப்பது, காலை நீட்டி எப்படிப் படுக்கவைப்பது என்பதை எல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். நான் சொல்லவேண்டியவை சில மட்டுமே.

எண்ணெய் என்றால் என் ஓட்டு தேங்காய் எண்ணெய்க்கு. ஆலிவ் எண்ணெய் உசத்தி என்று பரிசாக வரும். அதில் ஒலிக் அமிலம் மிகுதி, தோலின் காப்பு அடுக்கை அது தளர்த்திவிடும். எதுவானாலும் கை, கால், முதுகு, வயிற்றில் தடவலாம். மடிப்புகளில் வேண்டாம்.

தண்ணீர் உடல்சூட்டை ஒட்டி, ஏறக்குறைய 37 டிகிரி இருந்தால் போதும். முழங்கையை முக்கினால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். மணமில்லாத மிதமான சோப்பு, அழுக்குப் படும் இடங்களுக்கு மட்டும். பயற்றமாவு, நலங்கு மாவு போட்டுத் தேய்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். மாவின் சொரசொரப்பை அந்த மெல்லிய தோல் தாங்காது; எஞ்சிய மாவு மடிப்பில் ஒளிந்துகொள்ளும்.

படி 3: உலர்த்துவது (நான் தவறியது இங்கேதான்)

குளிப்பாட்டியதும் துண்டில் சுற்றித் துடைத்துச் சட்டை மாட்டிவிடுவேன். கழுத்தையும் துடைத்தேன்தான், கண்ணுக்குத் தெரிந்த கழுத்தை. கொழுகொழு குழந்தைக்குக் கழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு மூன்று மடிப்பு இருக்கும். கடைசி மடிப்பின் அடி வரை என் துணி ஒருநாளும் போகவில்லை. முகவாயைத் தூக்கினால் அவள் கத்துவாள், நான் விட்டுவிடுவேன்.

வழி தற்செயலாகக் கிடைத்தது. மல்லாக்கப் படுக்கவைத்து, தோளுக்கு அடியில் மெல்லிய துணிச் சுருள் ஒன்றை வையுங்கள். மேலே ஓடும் மின்விசிறி அவள் கண்ணுக்கு நேராக இல்லாமல், தலைமாட்டுப் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கட்டும். விசிறியைப் பார்க்க அவளே கழுத்தை நீட்டுவாள். மடிப்பு தானாக விரியும். இப்போது வேட்டித் துண்டை விரல் நுனியில் சுற்றி ஒற்றி எடுங்கள். இழுத்துத் தேய்க்கக் கூடாது. துணியை எடுத்துப் பார்த்தால் ஈரக்கோடு தெரியும். உலர்ந்த பக்கத்தைத் திருப்பி மறுபடி ஒற்றுங்கள், கோடு விழாமல் போகும் வரை. பிறகு ஐந்து நிமிடம் அப்படியே காற்றாட விடுங்கள். சுருளைப் போட்டுவிட்டு நகராதீர்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். அக்குள், தொடை இடுக்கு, காதுமடலின் பின்பக்கம் எல்லாவற்றுக்கும் இதே ஒற்றல்தான்.

பால் குடித்த பிறகும் ஒருமுறை ஒற்றி எடுங்கள். எங்களுக்குப் புண் ஆறியது இதனால்தான்.

படி 4: டயப்பர் பகுதி

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்; மலம் போனால் உடனே. வீட்டில் ஈரத் துடைப்பான் தேவையில்லை, பஞ்சும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். சிவந்திருந்தால் துத்தநாக ஆக்சைடு களிம்பைக் கேக்குக்குக் க்ரீம் பூசுவதுபோல் தடிமனாகப் பூசவேண்டும். அடுத்த முறை அழுக்கான மேல் அடுக்கை மட்டும் எடுத்தால் போதும். வெள்ளை முழுவதும் போகச் சுரண்டினால் ஆறுகிற தோலும் சேர்ந்து உரியும். டப்பாவில் வருவதைவிட டியூபில் வருவது மேல். விரல் உள்ளே போகாது.

பின்னர் சேர்த்தவை

களிம்பு போட்டும் போகவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். இடுக்குக்குள்ளேயே அடர்சிவப்பாகி, சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. துத்தநாகம் மட்டும் போதாது. மருத்துவர் எழுதித் தரும் பூஞ்சை மருந்து வேண்டும். மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள். அங்கே கைக்குக் கிடைக்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாள் சிவப்பு அடங்கும், பிறகு பூஞ்சை இன்னும் பரவும்.

மூன்று நாளில் குறையாவிட்டாலோ, சீழ்க்கொப்புளம், நீர்க்கசிவு தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் இரவென்று பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

கன்னமும் முழங்காலும் சொரசொரப்பாக வறண்டு போகிறது என்பவர்களுக்கு: குளித்த ஈரம் முழுதாகக் காய்வதற்குள் அங்கே மட்டும் மணமில்லாத ஈரப்பதக் களிம்பைத் தடவுங்கள். புதிய களிம்பு என்றால் முதலில் முன்கையில் ஒரு பொட்டு வைத்து ஒருநாள் பாருங்கள்.

மின்வெட்டு நேரத்தில் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஓடாத விசிறியை என் மகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தலைமாட்டில் அவள் அப்பா நின்று சாவிக்கொத்தை ஆட்டுவார்.