மாற்ற வேண்டியது டேங்க்கா, உறையா?

எங்கள் வீடு தஞ்சாவூருக்கு வெளியே, வயலை மனையாக்கிய நகர் ஒன்றில் இருக்கிறது. மாமனார் 1996-ல் கட்டியது. கீழே களிமண். செப்டிக் டேங்க் என்று ஒன்று இருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வரும், உறிஞ்சிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அப்புறம் அது வருஷத்துக்கு ஒருமுறை ஆனது. 2021 ஐப்பசி மழையில், லாரி போன பத்தொன்பதாம் நாளே கீழ் வீட்டு டாய்லெட்டில் களக் களக்கென்று சத்தம். பார்க்க வந்தவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "பழசாயிடுச்சுக்கா, இடிச்சுட்டுப் புதுசா கட்டிடுங்க" என்றார். நல்லவேளை, இடிக்கவில்லை.

வயதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். செங்கல் கட்டி ஒழுங்காகப் பூசிய டேங்க் பல பத்தாண்டு நிற்கும். முதலில் சாவது பெரும்பாலும் உறைதான், அதாவது டேங்க்குக்குப் பக்கத்தில் வளையங்களை இறக்கிச் செய்யும் உறிஞ்சு குழி. டேங்க்கில் கசடு அடியில் தங்க, மேலே தெளிந்த நீர் உறைக்குப் போய் மண்ணில் இறங்க வேண்டும். உறையைச் சுற்றியுள்ள மண்ணில் கழிவு வழுவழுப்பாகப் படிந்து துளைகள் அடைத்துக்கொண்டால், டேங்க்கை எத்தனை முறை காலி செய்தாலும் சில வாரத்தில் அதே கதைதான்.

ஆனால் உறையைச் சந்தேகிப்பதற்கு முன் சில்லறை விஷயங்களைப் பாருங்கள். ஒரே ஒரு டாய்லெட் மட்டும் மெதுவாக இறங்கினால் அது குழாய் அடைப்பு. எல்லாமே மெதுவாகி, தாழ்வாக இருப்பது முதலில் பொங்கினால்தான் டேங்க் பக்கம் போக வேண்டும். ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் காபி டிகாக்‌ஷனை ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். ஃப்ளஷ் செய்யாமலே கீழே நிறம் இறங்கியிருந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். இரவும் பகலும் டேங்க்குக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. மொட்டை மாடி மழைநீர்க் குழாயை யாராவது இதில் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீர் சேர்ந்திருந்தது. யார் சேர்த்தது என்று கேட்டால் யாருமே இல்லை.

உண்மை தெரிவது லாரி வரும் நாளில்தான். அன்றைக்கு வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்திக்கொள்ளாமல் வெளியே நில்லுங்கள். டேங்க் காலியானதும், உறைக்குப் போகும் குழாய் வாயைத் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். தலையை உள்ளே நீட்டக் கூடாது, தீக்குச்சி கிட்டவே வரக் கூடாது. உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி டேங்க்குக்குள் வந்தால், உறை நிரம்பி நிற்கிறது. எங்கள் வீட்டில் அரை மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டதுபோல் வந்தது. அதே குழாயில் இருந்த 'டீ' (ஆங்கில T வடிவக் குழாய்த் துண்டு) உடைந்துபோயிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அது இல்லாவிட்டால் மேலே மிதக்கும் ஏடு நேராக உறைக்குப் போய் அடைத்துவிடும்.

டேங்க்கே போய்விட்டதற்கு அடையாளம் வேறு. "எங்க டேங்க் பதினைஞ்சு வருஷமா நிறையவே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பல வீடுகளில் அதற்குக் காரணம், அடியில் பூச்சே இல்லாததுதான். அத்தனையும் நிலத்தடி நீருக்குப் போகிறது. சோதிப்பது சுலபம்: இரண்டு நாள் கல்யாணத்துக்கு வெளியூர் போகும்போது நீண்ட கம்பை விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது வெளியேறும் குழாய்க்குக் கீழே மட்டம் இறங்கியிருந்தால் கசிகிறது. மழைக்காலத்தில், யாரும் புழங்காமலே மட்டம் ஏறியிருந்தால் வெளிநீர் உள்ளே வருகிறது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் போர் தண்ணீரைக் கொடுத்து கோலிஃபார்ம் (கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். குடிநீர் ஆதாரத்திலிருந்து உறை 18 மீட்டர், அதாவது சுமார் அறுபது அடி தள்ளியிருக்க வேண்டும் என்கிறது செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470. எங்கள் மனையின் நீளமே அறுபது அடிதான், என்ன செய்ய.

மூடி ஸ்லாப்பின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தாலோ, மேலே நடக்கும்போது அதிர்ந்தாலோ யோசிக்கவே வேண்டாம். அந்தப் பக்கம் குழந்தைகள் போகாதபடி உடனே தடுத்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். உள்ளே உருவாகும் வாயு அமிலமாகி கான்கிரீட்டைத் தின்றிருக்கும்.

கசியும் டேங்க்குக்குள் ஆளை இறக்கிப் பூசிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலியான டேங்க்கிலும் விஷவாயு இருக்கும். சுத்தம் செய்யப் பாதுகாப்பில்லாமல் ஆள் இறக்குவது 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம். என் கணக்கில், டேங்க் கசிந்தால் அதை மூடிவிட்டு வேறு இடத்தில் புதிதாகக் கட்டுவதுதான் சரி. அதற்கும் முன்னால், உங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வரப்போகிறதா என்று மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டுவிடுங்கள். வருவதாக இருந்தால் புது டேங்க் வீண் செலவு.

எங்கள் டேங்க் கசியவில்லை. 'டீ'யை மாற்றினோம், வாஷிங் மெஷின் தண்ணீரை வாழைக்குத் திருப்பினோம், புது உறையைத் தோட்டத்தின் மறு மூலையில் இறக்கினோம். ஆழமாகப் போகலாம் என்றார் மேஸ்திரி. மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும் ஊரில் ஆழம் எதற்கு? அகலமாகத் தோண்டி, சுற்றிலும் ஜல்லி போட்டோம். லாரி வரும் தேதியை இப்போது மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதிவைக்கிறேன். கடைசியாக எழுதியது 2024 மாசி.