வெள்ளம் தடுக்கற பட்ஜெட்டுக்கு மக்கள கூப்பிடறீங்களா? இந்த தவறுங்கள தவிர்த்துடுங்க

2017 நவம்பர் வெள்ளத்த பார்த்த நம்ம மலேசியாவோட பினாங்கு ஆளுங்களுக்கு ரொம்ப விளக்கம் வேணாம். கடல் தண்ணி ஏறி நிக்கற நேரம் பார்த்து மழையும் கொட்டுச்சுன்னா, சுங்கை பினாங்கு ஆத்து ஓரத்துல லொங்காங் (வடிகால்) தண்ணி போக வழியில்லாம வீட்டுப் பக்கமே திரும்பிடும். பம்பு வைக்கறதா, லொங்காங்க பெருசாக்கறதா, வெயில் கொடுமைக்கு மரம் நடறதா, எதுக்கு முதல்ல காசுன்னு மக்களையும் கேட்டு முடிவு பண்ணுவோம்னு இப்ப நெறைய பேர் சொல்றாங்க, சந்தோஷம், ஆனா கேக்கற விதத்துலதான் கோட்ட விட்டுடறாங்க.

பெரிய தவறு, எல்லாம் முடிஞ்சப்புறம் கூப்பிடறது. மாநகர் கழகத்தோட பட்ஜெட் வருஷம் ஜனவரில தொடங்குது, கணக்கு அதுக்கு பல மாசம் முன்னாடியே ஓட ஆரம்பிச்சிடும். டிசம்பர்ல ஹால்ல நாற்காலி போட்டு ஸ்லைட் காட்டி கருத்து சொல்லுங்கன்னா சனம் என்னத்த சொல்லும், சாப்பிட்டு போட்டோ எடுத்துட்டு போயிடும்.

தொகைய சொல்லாம கேக்கறதும் அப்படித்தான். "என்ன வேணும்"னு மட்டும் கேட்டா ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவாங்க. இந்த வட்டாரத்துக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) இருக்கு, தூர் வார இவ்வளவு, பம்புக்கு இவ்வளவுன்னு மேசைல வச்சிட்டு கேளுங்க, அப்பதான் ஒன்ன விட்டு ஒன்ன எடுக்கற பேச்சே வரும். மறக்காம பராமரிப்பு செலவையும் போடுங்க. நட்ட மரத்துக்கு தண்ணி ஊத்த காசு இல்லன்னா அது நட்டதே வீண்.

அடுத்தது யார கூப்பிடறீங்கன்றது, இதுலதான் நான் ரொம்ப பிடிவாதமா இருப்பேன். ராத்திரி எட்டு மணிக்கு கூட்டம்னா கைக்குழந்தக்காரங்க, நைட் ஷிஃப்ட் போறவங்க, வீல்சேர்ல இருக்கறவங்க யாரும் வர மாட்டாங்க, எப்பவும் பேசற அதே நாலு பேர்தான் பேசுவாங்க. எங்க பக்கத்துல ஒரு பாட்டி சொன்னாங்க, "தம்பி, தண்ணி வாசல் வழியா வரதுக்கு முன்னாடியே பாத்ரூம் ஓட்ட வழியா வந்துடுதுப்பா"ன்னு. அது எந்த வரைபடத்துலயும் இல்ல! அவங்களுக்கு தமிழ்தான் வரும், கூட்டமோ முழுக்க மலாய்ல, யாராச்சும் பக்கத்துல உக்காந்து சொல்லி குடுத்தாதானே அவங்க வாய் தெறப்பாங்க.

இது முடியாத காரியமும் இல்ல. பினாங்குல 2012லயே மகளிர் மேம்பாட்டுக் கழகமும் உள்ளூர் கழகங்களும் சேர்ந்து மக்கள் பங்கேற்பு பட்ஜெட்ட ஆரம்பிச்சாங்க, ஜாலான் சுங்கை ஃப்ளாட்லயும் அம்பாங்கான்லயும். ஆம்பளைங்க, பொம்பளைங்க, இளசுங்க, வயசானவங்கன்னு தனித்தனியா உக்கார வச்சு கேட்டுட்டு அப்புறம்தான் ஓட்டுக்கு விட்டாங்க. தனியா கேட்டா வர்ற பதில் வேற, எல்லாரும் ஒண்ணா இருக்கறப்ப வர்ற பதில் வேற.

நம்ம நாட்டுல உள்ளூராட்சி தேர்தல 1965ல நிறுத்தினதுதான், இன்னும் திரும்பி வரல, கவுன்சிலர நாம ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கறதில்ல. அதனாலதான் இந்த மாதிரி கூட்டத்த வெறும் சடங்கா நடத்தறது எனக்கு அவ்வளவு வலிக்குது, சாதாரண ஆளுக்கு தெறந்திருக்கற கதவே கொஞ்சம்தான்.

கடைசியா, ஓட்டு வாங்கிட்டு காணாம போகாதீங்க. எது தேர்வாச்சு, எவ்வளவு வெள்ளி, எந்த கான்ட்ராக்டர், எப்ப முடியும்னு எழுதி லிஃப்ட் பக்கத்துல ஒட்டுங்க, தமிழ்லயும் சேர்த்து. வேல தள்ளிப் போச்சுன்னா ஏன்னும் அதுலயே எழுதிடுங்க.