துகள் பனி விழுந்த காலையில் பைப்பில் தண்ணீர் வராவிட்டால்

விடிய ஆறு மணிக்கு பைப்பைத் திறந்தால் ஒரு சொட்டும் இல்லை. வாசல் புல் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கிறது. உடனே கேத்தலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். நுவரெலியா, கந்தப்பளை, மீப்பிலிமான, அம்பேவளைப் பக்கம் துகள் பனி விழும் ஜனவரி, பெப்ரவரிதான் மழை குறைந்து ஊற்றும் இறங்கும் மாதங்கள். ஊற்றுவாய் பாதி காற்றை இழுத்தாலும், வடிகட்டியில் இலை அடைத்தாலும், லைனின் மேட்டில் காற்று நின்றாலும் பைப் இதே மாதிரித்தான் நிற்கும். காற்று அடைத்த லைனில் எவ்வளவு சுடுநீர் ஊற்றினாலும் பலன் இல்லை.

எது என்று பிரித்தறிவது சிரமமில்லை. முதலில் தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா, பக்கத்து வீட்டில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு தாங்கியிலிருந்து பைப் வரை லைனைக் கையால் தொட்டுக்கொண்டே நடங்கள். கறுப்பு பொலித்தீன் ஹோஸை விரலால் அமுக்கினால் அமுங்க வேண்டும். ஓரிடத்தில் தடிபோல விறைத்திருந்து, வளைத்தால் உள்ளே நறநறவென்றால் அங்கே ஐஸ். பீவீசீ குழாயை வளைக்கக் கூடாது, குளிரில் வெடித்துவிடும். சாவியால் தட்டிப் பாருங்கள், ஐஸ் உள்ள இடம் மந்தமாகக் கேட்கும். இன்னொரு அடையாளம்: ஐஸ் என்றால் வெயில் பட்டு ஒன்பது, பத்து மணிக்குள் தானாகத் திறந்துகொள்ளும். பகல் பன்னிரண்டாகியும் வராவிட்டால் அது காற்று அல்லது அடைப்பு. லைனின் ஆகத் தாழ்வான பைப்பை முழுதாகத் திறந்துவிட்டு, மேட்டில் உள்ள பொருத்தைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள்.

உறைகிற இடங்களும் ஊகிக்கக் கூடியவைதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. ஆள் உயரத்தில் வெப்பமானி 3, 4 பாகை காட்டும்போதே புல் மட்டத்தில் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். குளிர்ந்த காற்று பாரமானது, தண்ணீர் மாதிரிப் பள்ளத்துக்கு ஓடித் தேங்கும். ஆகவே மரக்கறித் தோட்டத்தின் அடிப் பாத்தியில் புல்மேல் கிடக்கும் அரை அங்குல ஹோஸ், ஓடைக்கரையைக் கடக்கும் துண்டு, முற்றத்தில் நிமிர்ந்து நிற்கும் பைப், இவைதான் முதலில் மாட்டும். சுவருக்குள் போகும் குழாயும் 1,000 லீட்டர் தாங்கியும் நம் ஊர்க் குளிரில் உறையாது. லயத்துக்கு வரும் லைனிலும் பெரிய குழாயை விடக் கடைசியில் பிரியும் மெல்லிய துண்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அவசரமில்லை என்றால் வெயிலுக்குக் காத்திருப்பதே நல்லது. அவசரம் என்றால் ஒழுங்கு இதுதான். மோட்டர் இருந்தால் நிறுத்துங்கள். சுடுநீர் ஹீட்டரையும் போட வேண்டாம். அடைத்த லைனின் பைப்பைத் திறந்தே வையுங்கள். பைப் பக்கமிருந்து தொடங்கித் தாங்கிப் பக்கமாகப் போங்கள், நடுவிலிருந்து தொடங்கக் கூடாது. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். மூடிய பைப்புக்கும் ஐஸுக்கும் இடையில் அகப்பட்ட தண்ணீர்தான் அழுத்தம் தாங்காமல் குழாயைப் பிளக்கிறது. அதனால்தான் வெடிப்பு பலமுறை ஐஸ் இருந்த இடத்தில் இருக்காது, இரண்டு அடி தள்ளி இருக்கும்.

கொதிநீரை நேரே ஊற்ற வேண்டாம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பீவீசீ இளக 80 பாகையே போதும். கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஐம்பது பாகையைச் சற்றுத் தாண்டி நிற்கும், அதுதான் அளவு. பழைய துவாயை அதில் நனைத்துப் பிழிந்து ஓரடி நீளத்துக்குச் சுற்றி, ஆறியதும் மாற்றுங்கள். துணி இல்லாமல் ஊற்றினால் சூடு மண்ணுக்குத்தான் போகும். மண்ணெண்ணெய்ப் பந்தம், காஸ் டோர்ச், சருகு கொளுத்துவது எதுவும் கூடாது: பொலித்தீன் உருகும், பீவீசீயின் புகை மார்பை அடைக்கும். ஈர நிலத்தில் நின்றுகொண்டு ஹெயார் ட்ரையர் பிடிப்பதும் வேண்டாம். தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் ஒருவர் தாங்கி வால்வருகே நிற்கட்டும். வெடித்திருந்தால் ஐஸ் கரைந்த பிறகே அது தெரியும்.

வெடிப்பு பெரும்பாலும் நீளவாக்கில் மயிர்க்கோடு போல இருக்கும். அன்றைய சமையலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், சைக்கிள் டியூபை ஓரங்குல அகலத்தில் வெட்டி, இழுத்துப் பிடித்துப் பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். பீவீசீ குழாயை நிரந்தரமாகச் சரிசெய்ய, கோடு முடியும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் தள்ளி வெட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடு அவ்வளவு தூரம் ஓடியிருக்கும். அதே அளவில் புதுத் துண்டும் இரண்டு சொக்கெட்டும் தேவை. நிலத்தில் கிடக்கும் லைன் என்றால், வெயில் பட்டு இளகிய பிறகு இரண்டு பக்கமும் சற்றே தூக்கித் துண்டை நுழைத்துவிடலாம்; சுவரோரம் இறுகிப் பிடித்த குழாய்க்கு ஒரு பக்கம் கழற்றிப் பூட்டும் யூனியன் போடுவதே சுலபம். ஈரம் துடைத்து, மணற்கடதாசியால் பளபளப்பை எடுத்து, குழாயிலும் சொக்கெட்டிலும் பீவீசீ கம் பூசி, கால் சுற்றுத் திருகி அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். குளிரில் கம் மெதுவாகத்தான் இறுகும். விடியற்காலையில் ஒட்டிவிட்டு உடனே வால்வைத் திறந்தால் அன்று மாலையே பொருத்துக் கழன்றுவிடும். வெயிலேறியபின் ஒட்டி இரண்டு மணி நேரமாவது விடுங்கள், மோட்டர் லைன் என்றால் மறுநாள் வரை.

மறுபடி நடக்காமலிருக்க ஹோஸை மண்ணுக்குள் விடுவதே சிறந்தது. குளிருக்கு ஆறங்குல ஆழமே போதும், ஆனால் பாத்தி கொத்தும் மண்வெட்டிக்குத் தப்ப ஒன்றரை அடி வேண்டும். புதைக்க முடியாத துண்டுக்குக் காய்ந்த மானாப்புல் அல்லது சாக்கை இரண்டங்குலத் தடிப்பில் சுற்றி, மேலே பொலித்தீன் உறை போடுங்கள். உறை இல்லாவிட்டால் பனியில் சாக்கு நனைந்துவிடும். நனைந்த சாக்கு குளிரைத் தடுக்காது.

பைப்பை மெல்லத் திறந்துவைத்துத் தூங்குவது பழைய வழி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு லீட்டர் விழுந்தால் போதும்: அதிகாலை இரண்டிலிருந்து ஏழு வரை 60 லீட்டர். கீழே பீப்பாய் வையுங்கள். பல வீட்டுக்கு ஒரே தாங்கி என்றால் இந்த வழி வேண்டாம், விடியும்போது கடைசி வீட்டுக்குத் தண்ணீர் இருக்காது. அங்கே மாலையில் வால்வை மூடித் தாழ்வான பைப்பைத் திறந்து லைனை வடித்துவிடுவதே நியாயம். எந்த இரவில் என்று தெரிய வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பைப் பாருங்கள். இரவு எட்டுக்கு வானம் துடைத்தாற்போல நட்சத்திரமாக இருந்து, அடுப்புப் புகை நேரே மேலே போனாலும் அன்று வடித்துவிடுங்கள்.

கூரையில் சோலார் சுடுநீர்த் தகடு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தத் தகடு வானத்தையே பார்த்துக் கிடப்பதால் காற்று பூச்சியத்துக்கு இறங்காத இரவிலும் அதன் மெல்லிய செப்புக் குழாய் உறைந்து பிளக்கலாம். இரவில் பழைய தார்ப்பாய் போட்டு மூடினால் பெரும்பகுதி ஆபத்து தீரும். வீட்டைப் பூட்டிப் போகிறீர்கள் என்றால் தகட்டின் இரு வால்வையும் மூடி அடிக்குழாயைத் திறந்து வடித்துவிடுங்கள். திரும்பி வந்து நிரப்புவது உச்சி வெயிலில் கூடாது: காய்ந்து கொதிக்கும் தகட்டுக்குள் குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தால் பொருத்துகள் விட்டுவிடும். கூரையில் பனி கரைந்து தகடு சூடேறுமுன், காலை எட்டு மணியளவில் நிரப்புங்கள்.