அடுத்த எதிரணிக்குத் தயாராகும்போது பள்ளிக் கால்பந்து அணிகள் செய்யும் தவறுகள்

மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டி ஒன்றின் அரையிறுதிக்கு முந்தைய நாள் மாலை, பத்தாம் வகுப்பு அறையின் கரும்பலகையில் எதிரணியைப் பற்றிப் பதினான்கு குறிப்புகள் எழுதினேன். யார் வேகமானவன், யார் தலையால் நன்றாக அடிப்பவன், கார்னரை எப்படிப் போடுகிறார்கள், கோல்கீப்பர் எந்தப் பக்கம் பலவீனம் என்று பலகை நிறைந்தது. பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது.

மறுநாள் ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனான எங்கள் லெஃப்ட் பேக் பையனை நோக்கிப் பந்து உருண்டு வந்தது. அவன் பந்தைப் பார்க்காமல், கோட்டுக்கு வெளியே நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த அரை நொடியில் எதிரணியின் ஏழாம் எண் வீரன் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். கோல் விழுந்தது. அந்தப் பையன் மேல் ஒரு தவறும் இல்லை. இந்த நேரத்துக்கு எந்தக் குறிப்பு என்று அவன் பதினான்குக்குள் தேடிக்கொண்டிருந்தான். தேட வைத்தது நான்.

அதன் பிறகு பல அணிகளைத் தயார்செய்திருக்கிறேன்; பல பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களோடு பேசியிருக்கிறேன். எதிரணியைப் பற்றித் தெரியாமல் தோற்கும் பள்ளி அணிகளைவிட, தெரிந்ததைச் சுமக்க முடியாமல் தோற்கும் அணிகளையே அதிகம் பார்க்கிறேன். பதினாறு வயதுப் பையன் ஆட்டத்துக்குள் எடுத்துப்போகக்கூடியது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத் தேர்ந்தெடுத்துத் தருவதுதான் நம் வேலை. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

தகவலைச் சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லாமல் விடுவது

2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் பெர்லினில் மோதின. 1-1 என்று முடிந்த ஆட்டம் பெனால்டிக்குப் போனது. ஜெர்மன் கோல்கீப்பர் யென்ஸ் லேமன் தன் காலுறைக்குள்ளிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தார். கோல்கீப்பர் பயிற்சியாளர் ஆண்ட்ரியாஸ் கோப்கே, தங்கியிருந்த ஹோட்டலின் தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்தது அது. அர்ஜென்டின வீரர்கள் ஏழு பேரின் பெயர், ஒவ்வொருவரும் பந்தை எப்படி அடிப்பார் என்று ஓரிரு சொல், அவ்வளவுதான். கடைசியாக அடிக்க வந்த கம்பியாசோவின் பெயர் அதில் இல்லவே இல்லை. இருந்தும் லேமன் தாளைப் பார்த்தார், பந்தைத் தடுத்தார். ஜெர்மனி 4-2 என்று வென்றது.

உலகக் கோப்பை ஆடும் கோல்கீப்பருக்கே காலுறைக்குள் அடங்கும் அளவு போதுமாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாகத்தான் வேண்டும். அணிக்கு மொத்தம் மூன்று செய்திகள், ஒவ்வொரு வீரனுக்கும் தனியாக ஒன்று. இதற்கு மேல் நான் இப்போது போவதில்லை.

எண்ணிக்கையைவிடவும் முக்கியமானது, அந்தச் செய்தி எப்படிச் சொல்லப்படுகிறது என்பது. "ஏழாம் எண் வேகமானவன், கவனமாக இரு" என்று சொன்னால் பையனுக்குக் கிடைப்பது பயம் மட்டுமே. கவனமாக இருப்பது என்றால் எங்கே நிற்பது, எந்தக் காலை முன்னால் வைப்பது? இதையே இப்படிச் சொல்லலாம்: "அவன் இடதுகாலால் ஆடுகிறவன். ஓரமாக வந்து உள்பக்கம் திரும்பி அடிப்பான். நீ உள்பக்கத்தை அடைத்து நில். கோட்டுப் பக்கம் வழிவிடு, ஓடட்டும். அங்கே அவனுக்கு வலதுகால்தான் இருக்கிறது. ஸ்டாப்பர் உனக்குப் பின்னால் வந்துவிடுவான்." (ஸ்டாப்பர் என்பது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரன்.) இதில் எதிரி என்ன செய்வான் என்பது இருக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கிறது, எனக்கு யார் துணை என்பதும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதைப் பல பயிற்சியாளர்கள் விட்டுவிடுகிறார்கள். துணைக்கு ஆள் வரும் என்று தெரிந்த பையன்தான் பொறுமையாக நிற்பான். தெரியாதவன் பாய்ந்து விழுந்து பந்தைத் தவறவிடுவான்.

ஒரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது

1954 உலகக் கோப்பையின் முதல் சுற்றில், ஜூன் 20 அன்று, ஹங்கேரி மேற்கு ஜெர்மனியை 8-3 என்று நொறுக்கியது. அன்று ஜெர்மன் பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் தன் முக்கிய வீரர்கள் பலரை வெளியே உட்காரவைத்திருந்தார். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 4 அன்று, பெர்ன் நகரில் மழையில் நடந்த இறுதியாட்டத்தில் அதே இரு அணிகள். ஹங்கேரி இரண்டு கோல் முன்னிலை பெற்றும் 3-2 என்று தோற்றது. முதல் ஆட்டத்தை வைத்து இரண்டாவதைக் கணித்திருந்தால் எவரும் ஏமாந்திருப்பார்கள்.

பள்ளி அணிகளில் இது இன்னும் அதிகம். பிளஸ் டூ பையன்கள் சிறப்பு வகுப்புக்காக ஒரு ஆட்டத்துக்கு வரமாட்டார்கள், அடுத்ததற்கு வந்துவிடுவார்கள். குறுவட்டப் போட்டியில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடி, இரண்டாவதில் கால் ஓய்ந்துபோன அணியைப் பார்த்துவிட்டு "மெதுவான அணி" என்று எழுதிக்கொள்வோம். நன்றாகத் தூங்கிவிட்டு வந்தால் அவர்கள் வேறு அணி.

ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்கக் கிடைத்தது என்றால், மாறாதவற்றைப் பாருங்கள். யாரை ஆடவைப்பது என்பது மாறும். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. பந்தை இழந்த உடனே எத்தனை பேர் பின்னால் ஓடுகிறார்கள்? கோல்கீப்பர் உயரப் பந்துக்கு வெளியே வருகிறாரா, கோட்டிலேயே நிற்கிறாரா? கோல் கிக் பெரும்பாலும் எந்தப் பக்கம் போகிறது? கோல் வாங்கியதும் யார் மற்றவர்களைத் தேற்றுகிறான்? முடிந்தால் ஒரு பாதியைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பாருங்கள். பக்கவாட்டில் நின்றால் கண் பந்தின் பின்னாலேயே போகும். பின்னால் நின்றால் தடுப்பாட்டக்காரர்களுக்கு இடையிலுள்ள இடைவெளி தெளிவாகத் தெரியும்.

நட்சத்திர வீரனின் பின்னால் ஒருவனை அலையவிடுவது

நம் ஊர்ப் பள்ளி ஆட்டங்களில் நான் அதிகம் பார்க்கும் உத்தி இதுதான். எதிரணியில் ஒருவன் நன்றாக ஆடுகிறான் என்றால், நம் அணியில் நன்றாக ஓடக்கூடிய ஒருவனைக் கூப்பிட்டு, "அவன் எங்கே போனாலும் நீயும் போ" என்று சொல்லிவிடுவோம். சொல்ல எளிது, கேட்கவும் வீரமாக இருக்கும்.

1953 நவம்பர் 25 அன்று வெம்பிளியில் இங்கிலாந்துக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். ஹங்கேரியின் ஒன்பதாம் எண் வீரர் நாண்டோர் ஹிடெகுட்டி. ஒன்பது என்றால் முன்னால் நிற்கும் நடு முன்கள வீரர் என்பது அன்றைய வழக்கம். அவரோ பின்வாங்கி நடுக்களத்தில் நின்றார். அவரைக் கவனிக்க வேண்டிய ஹாரி ஜான்ஸ்டனுக்கு இரண்டு வழிதான்: கூடவே போனால் கோலுக்கு முன்னால் பெரிய ஓட்டை விழும், போகாமல் நின்றால் ஹிடெகுட்டி தனியாகப் பந்தோடு திரும்புவார். எது சரி என்று அவருக்குத் தெரியவில்லை. ஹிடெகுட்டி மூன்று கோல் அடித்தார். ஹங்கேரி 6-3 என்று வென்றது.

1986 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனி தன் சிறந்த நடுக்கள வீரர் லோத்தார் மாத்தியஸிடம் மாரடோனாவைக் கவனிக்கும் வேலையைக் கொடுத்தது. மாரடோனா கோல் அடிக்கவில்லை. ஆனால் 84ஆம் நிமிடத்தில் கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவர் தள்ளிவிட்ட ஒரு பந்தில் புருச்சாகா வெற்றி கோலை அடித்தார். அர்ஜென்டினா 3-2. எதிரியின் சிறந்த வீரனுக்காக நம் சிறந்த வீரனைச் செலவழித்தால், நாம் எதைக் கொண்டு தாக்குவது என்ற கேள்வி மிஞ்சும்.

அந்த நட்சத்திரத்துக்குப் பந்து எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரே ஒருவனிடமிருந்துதான் வரும். பந்து கொடுப்பவன் தலை நிமிர்ந்து பார்க்க நேரம் கொடுக்காமல் நெருக்கினால், நட்சத்திரம் பாதி நேரம் கையை விரித்துக்கொண்டு நிற்பான். அதற்கும் மேல் காவல் வேண்டும் என்றால், அதை ஆளுக்குக் கொடுக்காமல் இடத்துக்குக் கொடுங்கள்: வலப்பக்கம் வந்தால் இவன், நடுவுக்கு வந்தால் அவன். எங்கே கைமாற்றுவது என்பதை மைதானத்தில் நின்று காட்டுங்கள். ஜான்ஸ்டனுக்குக் கிடைக்காத பதில் அதுதான்.

எதிரணிக்காக நம் அணியின் அமைப்பையே ஒரே வாரத்தில் மாற்றுவதும் இதே வகைத் தவறு. ஆறு மாதம் நான்கு பேர் தடுப்பாட்டம் ஆடிய அணியை மூன்று பேருக்கு மாற்றினால், எதிரணி குழம்புவதற்கு முன்னால் நம் பிள்ளைகள் குழம்புவார்கள். ஒருவனைப் பத்து அடி முன்னால் அல்லது பின்னால் நகர்த்துவது போதும்.

நின்ற பந்தை மறப்பது

பள்ளி ஆட்டங்களில் கார்னர், ஃப்ரீ கிக், நீளமான த்ரோ ஆகியவற்றிலிருந்து விழும் கோல்கள் ஏராளம். கோல்கீப்பர்கள் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகள். உயரப் பந்தில் தடுமாறுவார்கள். இருந்தும் எதிரணிக்கான தயாரிப்பில் இதற்கு நாம் ஒதுக்குவது கடைசிப் பத்து நிமிடம், அதுவும் இருட்டிய பிறகு.

ஒருமுறை எதிரணி எறிந்த த்ரோ நேராக எங்கள் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் நின்றவனிடம் போனது. எங்கள் ஸ்டாப்பர் ஆஃப்சைடு, அதாவது பந்து தரப்படும்போது கடைசித் தடுப்பாட்டக்காரனையும் தாண்டி நிற்கும் தவறு, என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். த்ரோவிலிருந்து நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. கார்னருக்கும் கோல் கிக்குக்கும்கூடக் கிடையாது. மூன்று ஆண்டு அணியில் இருந்த பையனுக்கு இதை நான் சொல்லித்தரவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. விதி தெரிந்த எதிரணி இந்த ஒன்றை வைத்தே ஆட்டத்தை முடித்துவிடும்.

குறைந்தது இவற்றைப் பெயர் சொல்லி முடிவுசெய்துவிடுங்கள்: கார்னரில் அருகிலுள்ள கம்பத்தில் யார், குட்டையாகத் தட்டினால் ஓடுபவன் யார், பந்து வெளியே வந்தால் எடுக்கத் தயாராக முன்னால் நிற்பவன் யார், ஃப்ரீ கிக் சுவரில் எத்தனை பேர், அவர்களை எண்ணி நிறுத்துபவன் யார். முக்கியமாக, இவர்களில் ஒருவனை மாற்றி இன்னொருவனை இறக்கினால் அவன் வேலை யாருக்குப் போகும்? மாற்று வீரன் இறங்கிய அடுத்த நிமிடத்தில் கார்னரில் கோல் வாங்கியவர்களுக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியும்.

வகுப்பறையோடு நிறுத்திக்கொள்வது

எனக்குக் கரும்பலகையைவிட மேசை பிடித்திருக்கிறது. புளியங்கொட்டைகள் நம் அணி, கூழாங்கற்கள் எதிரணி. பிள்ளைகள் சுற்றி நின்று தாங்களே நகர்த்துவார்கள். "சார், இவன் இங்கே வந்தால் அங்கே காலியாகிவிடுமே" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வராது. ஆனாலும் மேசையில் புரிந்தது காலுக்குப் போய்ச் சேர மைதானம் வேண்டும்.

மாற்று வீரர்களுக்கு வேறு நிற பனியன் கொடுத்து எதிரணியைப் போல ஆடச் சொல்லுங்கள். முதலில் நடந்து, பிறகு மெதுவாக ஓடி, கடைசியில் முழு வேகத்தில். இதைச் செய்யும் மாற்று வீரர்களை மதிப்போடு நடத்த வேண்டும். "நீ அந்த ஏழாம் எண், உன்னால் முடிந்தவரை இவனைத் திணறவை" என்று சொன்னால் அவன் அந்த வாரம் முழுவதும் அணியின் ஆளாக உணர்வான். இதெல்லாம் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே முடிந்துவிட வேண்டும். முந்தைய நாள் வியர்க்க வியர்க்க ஓடவிட்டால் மறுநாள் கால் வராது.

மைதானத்தையும் விசாரியுங்கள். வெம்பிளிக்கு வருவதற்கு முன் ஹங்கேரியப் பயிற்சியாளர் குஸ்டாவ் செபெஷ், ஆங்கிலேயர்கள் ஆடும் பந்துகளையே வாங்கிப்போய்த் தன் வீரர்களைப் பழக்கினார். செம்மண் மைதானத்தில் பந்து துள்ளும் உயரம் வேறு, புல்லில் வேறு. எந்தக் கோலுக்கு எதிரே மாலை வெயில் அடிக்கிறது என்பது தெரிந்தால், டாஸ் வென்றதும் கேப்டன் உங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு கோல் பின்தங்கினால் என்ன, கடைசிப் பத்து நிமிடம் முன்னிலையில் இருந்தால் என்ன, ஒருவன் சிவப்பு அட்டை வாங்கினால் என்ன என்ற மூன்றுக்கும் ஆளுக்கு ஒரு வரி முன்கூட்டியே பேசி வையுங்கள். ஆட்டத்தின் நடுவில் கத்திச் சொல்வது பாதிதான் காதில் விழும்.

இடைவேளையில் நாமே பேசுவது

எவ்வளவு தயார்செய்தாலும், முதல் பாதி முடிந்ததும் எதிரணியைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்தவர்கள் நம் பிள்ளைகள்தான். அவர்கள் அந்த வீரர்களோடு தோள் உரசிவிட்டு வந்திருக்கிறார்கள். முதல் இரண்டு நிமிடம் தண்ணீர் குடிக்க விடுங்கள். பிறகு கேளுங்கள், வெளியே உட்கார்ந்திருப்பவர்களிடமும் கேளுங்கள்.

போன ஆண்டு ஒரு ஆட்டத்தின் இடைவேளையில், அதுவரை வாய் திறக்காத எங்கள் இரண்டாம் கோல்கீப்பர் சொன்னான்: "சார், அவர்கள் கீப்பருக்குக் காலில் ஏதோ வலி போல. கோல் கிக் எல்லாம் ஸ்டாப்பர்தான் அடிக்கிறான்." நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஸ்டாப்பர் அடிக்கிறான் என்றால், அடித்த நொடியில் அவன் தன் கோலுக்குப் பக்கத்தில் நிற்கிறான். அந்தப் பந்தை நாம் நடுவில் பிடித்து உடனே முன்னால் தள்ளினால், அவன் மேலே ஏறி வருவதற்குள் நம் ஆளுக்கு ஆஃப்சைடு கிடையாது. நடுக்களத்தில் இருவரைப் பந்து விழும் இடத்துக்கு அனுப்பினேன். முன்கள வீரனிடம், அந்த ஸ்டாப்பர் மேலே ஏறும்வரை நீயும் பின்வாங்காதே என்று மட்டும் சொன்னேன்.