கண்டியை அரை நாளில் முடிக்காதீர்கள்

கொழும்பிலிருந்து காலையில் கிளம்பும் சுற்றுலா வேன் முதலில் பின்னவலை யானைகள் சரணாலயத்தில் நிற்கும். அடுத்து மாவனெல்லைப் பக்கம் ஏதாவது ஒரு மசாலாத் தோட்டம். கண்டிக்குள் நுழையும்போது மணி ஒன்றரை, இரண்டு ஆகிவிடும். சாப்பாடு, புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை, வாவிக்கரையில் நாலு படம். நாலு மணிக்கெல்லாம் வண்டி நுவரெலியா பக்கம் திரும்பிவிடும். "கண்டி பார்த்தாச்சு" என்று ஊருக்குப் போய்ச் சொல்பவர்களில் பலர் பார்த்த கண்டி இதுதான்.

அந்த இரண்டு மணிக் கண்டி எரிச்சலைத்தான் தரும். பள்ளிக்கூடங்கள் விட்டிருக்கும். மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய ஊர். உள்ளே வரவும் வெளியே போகவும் நாலைந்து வழிதான். வாவியோரச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு மாளிகை முற்றத்தில் கால் வைத்தால் கல் சுடும். இவ்வளவும் தாண்டி மாடிக்கு ஏறினால் உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும்.

இந்த ஊரில் பார்க்க வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. வருகிறவர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை அந்த நேரத்தைத் தவறவிடுவதுதான். இரண்டு இரவாவது தங்கினால் அவற்றில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

பூசை நேரம் தெரியாமல் மாளிகைக்குப் போவது

தலதா மாளிகையில் நாளுக்கு மூன்று பூசை: விடியற்காலை ஐந்தரை, காலை ஒன்பதரை, மாலை ஆறரை. உள்ளறைக் கதவு திறப்பது இந்த நேரங்களையொட்டித்தான். மாலைப் பூசையில் கூட்டம் நெரியும். அமைதி வேண்டுமென்றால் விடியலில் போங்கள். அந்த நேரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் குறைவு, வெள்ளை உடுத்திய உள்ளூர்க்காரர்களே அதிகம்.

கீழே தவுலும் ஹொரணை என்ற குழலும் முழங்கத் தொடங்கும்போது மேலே வரிசை நகர ஆரம்பிக்கும். தட்டில் அல்லியும் அரளியும் ஏந்திய பாட்டிமார் முன்னால் நிற்பார்கள். நீண்ட மேசையில் பூவை வைத்து, உள்ளே ஒரு பார்வை. பொன்னாலான பேழை தெரியும், அதற்குள் காவலர் "போங்க, போங்க" என்பார். சில விநாடிதான். "இவ்வளவுதானா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. புத்தரின் புனிதப் பல்லையே பார்க்கலாம் என்று நினைத்து வந்ததால் வரும் ஏமாற்றம் அது. பல் அந்தப் பேழைக்குள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சிறு பேழைகளுக்குள் இருக்கிறது. பொதுமக்கள் பார்வைக்கு அதை வைப்பது மிக அபூர்வம். 2009-க்குப் பிறகு 2025 ஏப்ரலில்தான் வைத்தார்கள். அப்போது இலட்சக்கணக்கானவர்கள் தெருக்களில் நாள்கணக்கில் வரிசை நின்றார்கள்.

உடை விஷயத்தில் சலுகை கிடையாது. தோளும் முழங்காலும் மறைய வேண்டும். வாசலில் உடல் சோதனை உண்டு; 1998 ஜனவரியில் இங்கே குண்டுத் தாக்குதல் நடந்த இடம் இது என்பதை நினைத்தால் அந்தக் கெடுபிடி புரியும். படம் எடுக்கலாம். ஆனால் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். நம் ஊர்க் கோயில் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு குற்றமாகவே தோன்றாது. இங்கே அது பெரிய அவமரியாதை.

பல்லறையைப் பார்த்ததும் திரும்பிவிடுவது இன்னொரு தவறு. அதே வளாகத்தில்தான் மகுல் மடுவ என்ற மரத்தூண் மண்டபம் இருக்கிறது. கண்டி இராச்சியத்தைப் பிரிட்டிஷ் முடிக்கு ஒப்படைத்த ஒப்பந்தம் 1815 மார்ச் 2 அன்று இங்கேதான் கைச்சாத்தானது. பல ஆண்டுகள் பெரஹரா என்ற திருவிழா ஊர்வலத்தில் பேழையைச் சுமந்து 1988-இல் இறந்துபோன ராஜா என்ற கொம்பன் யானையைப் பாடம் செய்து தனிக் கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால் எதிரில் நாத, பத்தினி, விஷ்ணு தேவாலயங்கள். நாத தேவாலயம் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊரில் நிற்கும் கட்டடங்களிலேயே பழையது. பத்தினி வேறு யாருமல்ல, நம் கண்ணகிதான். அந்த வாசலைத் தாண்டித்தான் தமிழ்நாட்டுச் சுற்றுலாக் கூட்டம் எல்லாம் பேருந்துக்கு ஓடுகிறது.

வாவியை இயற்கை ஏரி என்று நினைத்துக்கொண்டு படம் மட்டும் எடுப்பது

இது ஏரியாகப் பிறந்ததல்ல. வயல்வெளிக்கு அணை கட்டித் தேக்கிய நீர். 1807-இல் கட்டியவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து பெண் எடுத்த வழக்கத்தால், 1739-இல் வாரிசில்லாமல் போன அரியணை பட்டத்தரசியின் தம்பிக்குப் போனது. அங்கிருந்து தொடங்கிய நாயக்கர் வழியில் நாலாமவர், கடைசியானவர் இவர். 1815-இல் பிடிபட்டு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1832-இல் அங்கேயே இறந்தார். வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று ஒன்று இருக்கிறதே, அது இவருடைய சமாதிதான். வேலூர்க்காரர்களே பலர் அதைத் தாண்டிப் போயிருப்பார்களே தவிர உள்ளே போயிருக்க மாட்டார்கள்.

கரையோரம் அலை அலையாக ஓடும் வெள்ளைச் சுவரைச் சிங்களத்தில் 'வலாகுளு பம்ம' என்பார்கள், மேகச் சுவர் என்று பொருள். கிட்டப்போய்ப் பாருங்கள்: சுவரில் முக்கோணத் துளைகள் இருக்கும். விழா நாட்களில் விளக்கு வைக்க விட்ட மாடங்கள் அவை. வேலை முடியுமுன்பே அரசு கைமாறிவிட்டதால் சுவர் வாவியை முழுக்கச் சுற்றவில்லை.

சுற்றி நடக்க 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு மணி நேரம் போதும். காலை ஆறு மணிக்கு நடந்தால் கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு படிக்கட்டில் வெயில் காயும், நீர்க்காகங்கள் சிறகு விரித்து நிற்கும். மாலையில் நடந்தால் ஒரு எச்சரிக்கை: கரை மரங்களில் பறவைகள் வந்து அடையும் நேரம் அது. நடைபாதையில் வெள்ளைத் திட்டுகள் எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் குடையை விரியுங்கள். வெயிலில்லை, மழையுமில்லை, எதற்கு ஒரு ஆள் குடை பிடித்துப் போகிறார் என்று சிரிக்கிறவர்கள் புதிதாக வந்தவர்கள்.

மேலிருந்து வாவியைப் பார்க்க ராஜபிஹில்ல வீதியிலுள்ள ஆர்தர் இருக்கைக்கு ஏறுங்கள். மதியத்தில் வெளுத்துத் தெரியும் காட்சி, வெயில் சாயும்போது நிறம் பிடிக்கும்.

வாவிக்கரையில்தான் தரகர் தொல்லையும். "என்னைத் தெரியலையா? நீங்க தங்கியிருக்கிற ஹோட்டல்லதான் வேலை செய்றன்" என்று ஒருவர் சிரித்தபடி வருவார். இன்றைக்கு மட்டும் விசேஷ நடனம், இன்றைக்கு மட்டும் இரத்தினக்கல் கண்காட்சி என்பார். தமிழில் பேசினால் நம்மவர் என்று நம்பிவிடாதீர்கள். இந்த ஊரில் மூன்று மொழியும் பேசுகிறவர்கள் ஏராளம். ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். ஆட்டோவுக்குப் பிக்மீ செயலி இருக்கிறது. அது கிடைக்காத இடத்தில் ஏறுமுன் கட்டணம் பேசிவிடுங்கள்.

பெரஹராவின் கடைசி நாளுக்கு மட்டும் வருவது

எசல பெரஹரா ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பத்து இரவுகள் நடக்கும். தேதி பிறையைப் பொறுத்தது, ஆண்டுக்காண்டு மாறும். அறிவிப்பைப் பார்க்காமல் விமானச் சீட்டு எடுக்காதீர்கள். முதல் ஐந்து இரவு கும்பல் பெரஹரா, அடுத்த ஐந்து ரந்தோலி பெரஹரா. நாளுக்கு நாள் யானைகளும் ஆட்டக்காரர்களும் கூடிக்கொண்டே போவார்கள். அதனால் எல்லோரும் கடைசி இரவைக் குறிவைக்கிறார்கள். அன்று மதியத்துக்கே நடைபாதை நிரம்பிவிடும், சாலைகள் மூடிவிடும், அறை வாடகை எங்கேயோ போய் நிற்கும். மாலையில் வந்து இடம் தேடுகிறவருக்கு முன்னால் நிற்பவரின் பின்மண்டைதான் தெரியும்.

என் கணக்கில், ரந்தோலியின் முதல் அல்லது இரண்டாம் இரவு போதுமானது. சிறு பிள்ளைகளோடு வருகிறவர்கள் கும்பல் பெரஹராவுக்கே வரலாம். கூட்டம் குறைவு, ஆட்டக்காரரின் வேர்வை தெரியுமளவு கிட்ட நிற்கலாம். சாட்டை சொடுக்குகிறவர்கள் முதலில் வருவார்கள். தீப்பந்தம் சுழற்றுகிறவர்கள், கொடி பிடிப்பவர்கள், வெஸ் தலையணி அணிந்த நடனக்காரர்கள் என்று நீளும். பேழை சுமக்கும் கொம்பன் வரும்போது உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து கைகூப்புவார்கள், நீங்களும் எழுந்துவிடுங்கள். அதோடு முடிந்தது என்று கிளம்புகிறவர்கள்தான் பெரிய பகுதியைத் தவறவிடுகிறார்கள். பின்னாலேயே நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும். கதிர்காமத்துக் கந்தனும் கண்ணகியும் பௌத்தத் திருவிழாவில் தங்கள் தங்கள் யானைகளோடு போவதை வேறெங்கே பார்ப்பது? கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவுக்கு இலங்கையின் கயவாகு வேந்தன் வந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்வதன் நீட்சி, இந்தத் தெருவில் இன்றும் நடந்துபோகிறது.

விழாக் காலத்தில் வர முடியாதவர்கள் மாலை ஐந்து மணி வாக்கில் நடக்கும் கண்டி நடன நிகழ்ச்சிக்குப் போகலாம். சுற்றுலாக்காரர்களுக்கானதுதான், இருந்தாலும் மோசமில்லை.

ஊரை விட்டு வெளியே போகாமல் இருப்பது

மேற்கே 15 கிலோமீட்டர் வட்டாரத்துக்குள் மூன்று கோயில்கள்: எம்பெக்க, லங்காதிலக, கடலாதெனிய. அரை நாளுக்கு ஓர் ஆட்டோ பேசினால் போதும். மூன்றும் கம்பளை அரசர் காலத்தவை. 1344-இல் எழுந்த கடலாதெனியவின் கல் வேலைக்குத் தலைமை ஏற்றவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. முகப்பைப் பார்த்ததும் நம்மூர்க் கோயில் மண்டபம் நினைவுக்கு வருவது தற்செயலல்ல. பாறைமேல் நிற்கும் லங்காதிலகவில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது.

மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எம்பெக்கவுக்குப் போங்கள். கதிர்காமக் கடவுளுக்கு எடுத்த தேவாலயம்; முன்னால் திறந்த முரசு மண்டபம். மரத் தூண்களின் சதுரப் பட்டைகளில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்: பிடிபோட்டு நிற்கும் மல்லர் இருவர், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், இரட்டைத் தலைப் பறவை, கழுத்துப் பின்னிய அன்னங்கள். அப்புறம் அண்ணாந்து பாருங்கள். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. அத்தனையையும் ஒரே மர ஆப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் போகிறவர்கள் இதைக் கவனிப்பதேயில்லை.

பேராதனைத் தாவரவியல் பூங்கா 147 ஏக்கர். மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. அதை ஒரு மணி நேரத்தில் முடிக்கப் பார்ப்பது வீண். காலையில் திறந்தவுடன் போனால் வௌவால் கூட்டம் மரங்களில் அடைவதைப் பார்க்கலாம். ஐந்தாம் ஜார்ஜ் இளவரசராக இருந்தபோது, 1901-இல், நட்ட நாகலிங்க மரம் இன்னும் காய்த்துத் தொங்குகிறது. பக்கத்திலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்குள் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. முருக பக்தர்கள் விட்டுவிட வேண்டாம்.

மாளிகைக்குப் பின்னால் இருக்கும் உடவத்தகலே காட்டுக்கு மழை பெய்த மறுநாள் செருப்போடு போனால் அட்டை உங்களை விடாது. நீளக் காலுறை, கொஞ்சம் உப்பு.

மற்றவை

கண்டி குளிரும் என்று கம்பளி மூட்டை கட்டுகிறார்கள். சுமார் 500 மீட்டர் உயரம்தான், பகலில் வேர்க்கும். குளிர் வேண்டுமானால் 1,800 மீட்டருக்கு மேலிருக்கும் நுவரெலியாவுக்குப் போக வேண்டும். குடைதான் முக்கியம், அதுவும் அக்டோபர், நவம்பரில்.

நுவரெலியாவுக்கு ரயிலில் போகிறவர்கள் அந்தப் பெயரில் நிலையம் தேடாதீர்கள். இறங்க வேண்டியது நானுஓயா. சில மலைநாட்டு ரயில்கள் கண்டிக்குள் வராமல் பேராதனைச் சந்தியிலிருந்தே மேலே ஏறிவிடும், ஆகவே எந்த நிலையத்தில் ஏற வேண்டும் என்று சீட்டில் பாருங்கள். முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், எல்ல என்ற மலையூர்ப் பக்கம் போகும் இருக்கைகள் சட்டென்று தீரும். பெருமழைக்குப் பிறகு மண்சரிவால் பாதை மூடுவது வழக்கம். கிளம்புமுன் ரயில் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பௌர்ணமி தோறும் போயா விடுமுறை. மது விற்பனை கிடையாது, மாளிகையில் நிற்க இடம் இராது.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒன்று. இங்கே 'மரக்கறி' என்று கேட்டால் மீன் துண்டு இல்லாத தட்டு வரும், ஆனால் தேங்காய்ச் சம்பலில் மாசிக்கருவாடு இடித்துப் போட்டிருப்பார்கள். "மாசி போடாத சம்பலா?" என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.