ப்ரீபெய்ட் கைப்பேசியை ஒப்பந்தக் கணக்கில் பயன்படுத்துவது எப்படி?

அமெரிக்காவில் மாதாந்திர ஒப்பந்தக் கணக்கு வைத்திருப்பவர்கள், பழைய கைப்பேசி பழுதானால், கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ப்ரீபெய்ட் கைப்பேசியை வாங்கி, அதில் தங்கள் சிம்மைப் போட்டுக்கொள்ள நினைப்பது இயல்பு. அதைச் செய்ய முடியும். ஆனால் அந்தக் கைப்பேசியின் விலையில் ஒரு பகுதியை அதை விற்கும் சேவை நிறுவனமே ஏற்றுக்கொண்டு, பின்னர் ரீசார்ஜ் வழியாக அதை ஈட்ட எண்ணுவதால்தான், வேறு நிறுவனச் சிம் வேலை செய்யாதபடி தன் வலையமைப்புக்கு மட்டும் பூட்டி விற்கிறது. ஆகவே பணம் கொடுக்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது.

முதல் படியாக, கைப்பேசி எந்தப் பிராண்டுக்குப் பூட்டப்பட்டது என்று பெட்டியில் பாருங்கள். கிரிக்கெட் என்ற ப்ரீபெய்ட் பிராண்டு, ஏடி அண்ட் டி என்ற பெரிய கைப்பேசிச் சேவை நிறுவனத்துடையது; மெட்ரோ என்ற பிராண்டு, டி-மொபைல் என்ற இன்னொரு பெரிய நிறுவனத்துடையது. இருந்தாலும் கிரிக்கெட்டுக்குப் பூட்டிய கைப்பேசி ஏடி அண்ட் டி ஒப்பந்தச் சிம்மை ஏற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கோபுரம் ஒன்றாக இருந்தாலும் பூட்டு வேறு. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவதாக, பூட்டு எப்போது திறக்கப்படும் என்று அந்த நிறுவனத்தின் விதியைப் படியுங்கள். அமெரிக்கக் கைப்பேசிச் சேவைத் துறையின் சங்கமான சிடிஐஏ அமைப்பின் நுகர்வோர் நெறிமுறையை ஏற்ற நிறுவனங்கள், கட்டணம், பயன்பாடு குறித்த நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு, ப்ரீபெய்ட் கைப்பேசி செயல்படத் தொடங்கிய ஓராண்டுக்குள் பூட்டைத் திறந்து தர வேண்டும். அதுவரை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருந்தால், அந்தத் தொகை முழுவதையும் கைப்பேசியின் விலையோடு கூட்டிப் பாருங்கள். அந்தக் கணக்கில், பூட்டில்லாத கைப்பேசியை நேரடியாக வாங்குவதே பல நேரங்களில் லாபமாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவதாக, *#06# என்று அழுத்தினால் ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் தோன்றும். அதை ஒப்பந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள பொருத்தச் சோதனைப் பக்கத்தில் இடுங்கள். 3ஜி சேவை 2022-இல் பெரிய நிறுவனங்களில் நிறுத்தப்பட்டுவிட்டதால், அந்த நிறுவனத்தின் வோல்ட்டி சேவையில் (4ஜி வழியாகவே குரல் அழைப்பு பேசும் முறை) இயங்காத கைப்பேசியில் இணையம் வந்தாலும் அழைப்பு வராது.

அடுத்து, தகுதிக் காலம் முடிந்ததும், கைப்பேசியை விற்ற நிறுவனத்திடமே பூட்டைத் திறக்க விண்ணப்பியுங்கள். உங்கள் ஒப்பந்த நிறுவனத்தால் அதைச் செய்ய இயலாது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று சென்று, கேரியர் லாக் என்ற வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று காட்டினால் பூட்டு திறந்துவிட்டது என்று பொருள்.

பிறகு கைப்பேசியை அணைத்து, ஒப்பந்தச் சிம்மைப் பொருத்தி, மீண்டும் இயக்குங்கள். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் பெரும்பாலான ஐபோன்களில் சிம் தட்டே இல்லை என்பதால், அவற்றுக்கு ஒப்பந்த நிறுவனத்திடம் இ-சிம் (அட்டை இல்லாமல் கைப்பேசியிலேயே பதிவாகும் சிம்) கேட்டுப் பெற வேண்டும். படத்துடன் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். அது போகவில்லை என்றால், கைப்பேசியை நிறுவனத்தின் இணையச் சேவையோடு இணைக்கும் ஏபிஎன் அமைப்பில், அதை விற்ற ப்ரீபெய்ட் நிறுவனத்தின் விவரங்கள் தங்கியிருக்கக்கூடும், அவற்றை மாற்ற வேண்டும். கடைசியாக, வைஃபையை அணைத்துவிட்டு நண்பர் ஒருவரை அழைத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் தடையின்றி நடந்தால் கைப்பேசி உங்கள் கணக்கில் சரியாக இயங்குகிறது.